எலியின் இதயமும் எலியின் எடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணுக்களை அடக்கிவைக்கும் குட்டி மூலக்கூறான மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உருளைப்புழுவில் தொடங்கி 2024-ஆம் ஆண்டு நோபல் பரிசு வரை விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவரின் கதையும் சுவையாக இருந்தது. புற்றுநோய்க்கு ஒரு பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், இதயத்துக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறார். அந்த வரியிலும் இதயச் செயலிழப்பை 'மாரடைப்பு' என்று எழுதிவிட்டார்!

மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய் திடீரென அடைபடுவது. செயலிழப்பில் இதயம் நிற்பதில்லை. உடலுக்குப் போதுமான ரத்தத்தைத் தள்ள முடியாமல் தளர்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. கதையில் ருசியான பகுதி இந்தத் தளர்ச்சியில்தான் இருக்கிறது.

நல்ல இதயம் தனக்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதியைக் கொழுப்பு அமிலங்களை எரித்தே பெறுகிறது. தளரும் இதயத்தில் அந்த எரிப்பு குறைகிறது. அழுத்தச் சுமைக்கு உள்ளான எலிகளின் இதயத்தில் மிர்-199ஏ, மிர்-214 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களும் பெருகி, கொழுப்பு எரிப்புக்கான மரபணுக்களை இயக்கும் புரதத்தை அடக்கிவிடுகின்றன. அந்த இரண்டின் வாயையும் அடைத்தபோது எரிப்பும் மீண்டது, இதயத்தின் இயக்கமும் தேறியது. இது 2013-இல் வெளியான ஆய்வு.

அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் டாலஸில் எரிக் ஓல்சன் என்ற ஆய்வாளரின் குழு கண்டது இன்னும் விசித்திரம். மிர்-208ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., இதயத்தசையைச் சுருங்கவைக்கும் மயோசின் புரதத்தின் மரபணுவுக்குள்ளேயே ஒளிந்திருப்பது. மெட்13 என்ற புரதத்தை அடக்கிவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. இதயத்தில் மட்டும் மெட்13-ஐக் கூட்டிய எலிகள், கொழுப்புத் தீனி தின்றும் பருக்கவில்லை. முப்பது வருடம் இதயத்தைப் 'பம்பு' என்றே வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான். உடம்பின் எடையிலும் அது தலையிடும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

மருந்து வந்துவிட்டதா என்றால், இல்லை. ஜெர்மனியின் ஹனோவரில் தாமஸ் தும் குழுவினர் மிர்-132-ஐத் தடுக்கும் மருந்தை உருவாக்கி, இதயச் செயலிழப்பு உள்ள 28 பேரிடம் முதல் சோதனை நடத்தினார்கள். முடிவு 2021-இல் வெளியானது. பாதுகாப்பைப் பார்ப்பதே அதன் முதல் நோக்கம். ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. பல மரபணுக்களில் கைவைப்பது என்பதால் இங்கே நிதானம் வேண்டும்.

என் அண்ணனின் மருத்துவச் சீட்டில் 'இதயச் செயலிழப்பு' என்று பார்த்ததும் வீட்டில் எல்லோரும் அழுதுவிட்டோம். அது ஆறு வருடங்களுக்கு முன்பு. இன்று காலையும் நடைக்குப் போய்விட்டு வந்து, உங்கள் இதழை எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டார். திருத்தம் போடுங்கள், ஐயா.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
தென்காசி