வைஃபை அறுந்தால் எங்கள் வேலையை அழிக்காதீர்கள்: கணினி மைய இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை இரவு மகளிர் விடுதியில் இரண்டு நிமிடம் கரண்ட் போனது. அதோடு, உங்கள் மெய்நிகர் டெஸ்க்டாப்பில், அதாவது நெட் வழியாக நாங்கள் திறந்து பயன்படுத்தும் உங்கள் மையத்துக் கணினியில், ஓடிக்கொண்டிருந்த என் ஒன்பது மணி நேர வேலையும் போனது. உதவி மையத்துக்கு எழுதினேன். "செஷன் முடிந்துவிட்டது, மீட்க முடியாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. செஷன் என்றால் உள்ளே நுழைந்தது முதல் வெளியேறும் வரை அங்கே திறந்திருக்கும் எங்கள் வேலை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் நீர்வளப் பொறியியல் முதுநிலை மாணவி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் எங்கெல்லாம் ஏறியது என்று ஹெக்-ராஸ் மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது என் ஆய்வு. வரைபடத்துக்கு ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோவும் தேவை. அதற்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும், என் லேப்டாப்பில் இருப்பது 4. ஆகவே நீங்கள் தரும் மெய்நிகர் டெஸ்க்டாப்தான் எனக்குக் கணினி. அதைத் தந்ததற்கு உண்மையாகவே நன்றி சொல்கிறேன்.

ஆனால் அது எங்களை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். இருபது நிமிடம் மவுஸைத் தொடாவிட்டால் வெளியேற்றிவிடுகிறது. உள்ளே பிராசஸர் முழுவேகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது அதற்குத் தெரிவதில்லை. விரல் அசைகிறதா என்று மட்டும் பார்க்கிறது. அன்று மெஸ்ஸுக்குப் போகும்போது அறைத்தோழியிடம், "அப்பப்ப மவுஸை அசைச்சுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவளுக்கு மறுநாள் தேர்வு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என் மவுஸை அசைத்தாள். நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பதினொன்றேகாலுக்கு கரண்ட் போய் வைஃபை அறுந்தது. திரும்ப உள்ளே போனபோது புத்தம் புதிய டெஸ்க்டாப், காலி சி டிரைவ். செஷன் முடிந்தாலும் அழியாத எச் டிரைவில் வைத்திருக்கலாமே என்பீர்கள். அங்கே எங்களுக்கு 5 ஜிபிதான். என் ஒரு ஓட்டத்தின் முடிவுக் கோப்பே அதைத் தாண்டும்.

தொடர்பு அறுவது வேறு, வெளியேறுவது வேறு. தொடர்பு அறுந்தால் செஷனை அப்படியே சில மணி நேரம் வைத்திருக்க நிர்வாகப் பக்கத்தில் அமைப்பு உண்டு. இப்போது அது "உடனே" என்று இருக்கிறது. அதை நான்கு மணி நேரம் என்று மாற்றுங்கள். இடங்கள் குறைவு, ஒருவர் பிடித்துவைத்தால் இன்னொருவர் காத்திருக்க வேண்டும் என்பது புரிகிறது. அப்படியானால் நீண்ட கணக்கு ஓட்டும் ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் சில கணினிகளைத் தனியே ஒதுக்குங்கள்.

ஆய்வகத்துக்கு வா என்று சொல்வதும் எங்களுக்கு வழியாகாது. ஆய்வகத்தை எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள், எங்கள் விடுதிக் கேட்டை ஆறரைக்கே பூட்டிவிடுகிறார்கள். ஆண்கள் விடுதிக் கேட் பத்து வரை திறந்திருக்கிறது. ஒரே கட்டணம் கட்டி, ஒரே பட்டத்துக்குப் படிக்கிறோம். எங்களுக்கு மட்டும் ஏன் நேரம் குறைவு? இதை உங்களிடம் கேட்டுப் பயனில்லை, விடுதி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்தக் கதவு மூடியிருக்கும் வரை எங்களுக்குத் திறந்திருக்கும் ஒரே ஆய்வகம் உங்களுடைய டெஸ்க்டாப்தான்.

அடுத்த மாதம் எங்களுக்கு இரண்டாம் கட்ட ரிவ்யூ. அதற்கு முன்பாகவே, தொடர்பு அறுந்தாலும் செஷன் நான்கு மணி நேரம் நிற்கும்படி மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முதுநிலை இரண்டாம் ஆண்டு மாணவி,
மகளிர் விடுதி