தரம் 10 மாணவர்களின் மலைக்காட்டு முகாம் தொடர்பாகப் பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். எதிர்வரும் பெப்ரவரி மாத நடுப்பகுதியில், எமது பாடசாலையின் தரம் 10 மாணவர்களை நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அழைத்துச் சென்று, மாத்தளைக்கு மேலே இலுக்கும்புரவில் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிலையத்தை அண்டியுள்ள சிறிய முகாம் திடலில் இரண்டு இரவுகள் கூடாரங்களில் தங்கவைப்பதற்கு ஏற்பாடு செய்து வருகிறோம். உங்கள் பிள்ளையை எங்களுடன் அனுப்புவதா இல்லையா என்பதை முழு விபரமும் அறிந்த பின்னரே நீங்கள் தீர்மானிக்க வேண்டும் என்பதால் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

திருகோணமலை நகரில் குழாயில் வரும் நீர் கந்தளாய்க் குளத்து நீர் என்பது நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது. அந்தக் குளத்துக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று வகுப்பில் கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகள் மழையிலிருந்து என்றார்கள். அது பிழையான விடையன்று. ஆனால் அந்த மழை நம் மாவட்டத்தில் மட்டும் பெய்யும் மழை அன்று. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்கு, வடக்குச் சரிவுகளில் விழும் நீர் அருவிகளாகவும் ஓயாக்கள் எனப்படும் சிற்றாறுகளாகவும் இறங்கி அம்பன் கங்கையில் சேர்கிறது. மொரகஹகந்த நீர்த்தேக்கத்தைக் கடந்து எலஹெரவுக்கு வரும் அந்த ஆற்றிலிருந்து பண்டைய வாய்க்கால் வழியாக மின்னேரியா, கவுடுல்ல குளங்களுக்கும் கந்தளாய்க்கும் நீர் திருப்பப்படுகிறது. கண்டிக்கு அருகில் பொல்கொல்லையில் மகாவலி நீரைச் சுரங்கத்தின் வழியே இந்தப் பக்கம் திருப்பத் தொடங்கிய 1976ஆம் ஆண்டிலிருந்து அந்த நீரும் இதனுடன் கலந்தே வருகிறது. மீதி நீரைச் சுமந்துகொண்டு 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலி முடிவில் நமது கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. குளக்கோட்டன் என்னும் மன்னன் கட்டியதாக நாம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கந்தளாய்க் குளத்தின் நீர் ஒரு மலைக்காட்டை நம்பியிருக்கிறது என்பதைப் பிள்ளைகள் அந்தக் காட்டுக்குள் நின்று அறிய வேண்டும். இந்தப் பயணத்தின் நோக்கம் இது ஒன்றே.

அந்த மலைகளில் உயரமான இடங்களில் இருப்பது முகிற்காடு. காற்றின் வேகத்தால் மரங்கள் குள்ளமாக வளைந்து வளர்ந்திருக்கும். கிளையெங்கும் பாசியும் சிறு செடிகளும் படர்ந்திருக்கும். மழை பெய்யாத நாளிலும் மூடுபனி அந்த இலைகளிலும் பாசியிலும் படிந்து துளித்துளியாகச் சொட்டி மண்ணுக்குள் இறங்கும். அந்த மண் நீரைப் பிடித்து வைத்து, மழை நின்ற பின்னும் மெதுவாக ஓடைகளுக்கு விடுகிறது. காட்டை வெட்டினால் அதே மழை மண்ணையும் வாரிக்கொண்டு ஒரே நாளில் ஓடிவிடும். முன்னர் இக்காட்டின் கீழ்வளரிகளை வெட்டி ஏலம் பயிரிட்டதால் ஏற்பட்ட பாதிப்பை இன்றும் சில இடங்களில் காணலாம். 2000ஆம் ஆண்டில் இது பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் சிவனொளிபாதமலை வனத்துடனும் ஹோட்டன் சமவெளியுடனும் சேர்த்து உலக மரபுரிமைத் தலமாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. மூக்கு நுனியில் இலை போன்ற நீட்சி கொண்ட ஓணான் இனம் ஒன்று இந்த மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதைக் காண முடியும் என்று பிள்ளைகளுக்கு நான் வாக்களிக்கவில்லை. அமைதியாக நடப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கண்டியில் ஒரு விடுதியில் தங்கி, ஒரே நாளில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் என்ன என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நம் பாடசாலைகளின் சுற்றுலாக்கள் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கின்றன: பஸ்ஸில் உரத்த பாட்டு, ஒரு நாளில் ஐந்தாறு இடங்கள், ஒவ்வொன்றிலும் இறங்கிப் படம் எடுத்தல், திரும்பும் வழியில் எல்லோரும் உறக்கம். அவ்வாறான பயணத்தில் மகிழ்ச்சி இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் கற்றல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. காடு தன்னைக் காட்டும் நேரம் விடியற்காலையும் மாலையும். அந்த இரண்டு வேளைகளிலும் பிள்ளைகள் அங்கே இருக்க வேண்டுமானால் அங்கேயே உறங்கி எழ வேண்டும். முகாம் திடல் சிறியது என்பதால் மாணவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் அழைத்துச் செல்வோம். இடம் சிறியதாக இருப்பதை நான் ஒரு குறையாகக் கருதவில்லை. ஆசிரியரின் கண் எட்டாத மூலை என்று அங்கே எதுவும் இல்லை.

பிள்ளைகளைக் கூடாரத்தில் தங்கவைப்பது என்றதும் உங்களில் சிலருக்கு மனம் கனத்திருக்கும் என்பதை நான் அறிவேன். 1990இலும் 2006இலும் இந்த மாவட்டத்தின் எத்தனையோ குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடித் தறப்பாளின் கீழ் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. காட்டுக்குள் போவது என்பதே அச்சமாக இருந்த காலத்தில் வளர்ந்தவர்கள் நீங்கள். அந்த நினைவை ஒதுக்கிவிட்டு ஒப்பமிடுங்கள் என்று உங்களிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. எந்தக் காரணத்தையும் எழுதாமல் மறுப்புத் தெரிவிக்கலாம். அதனால் எந்தப் பிள்ளையும் வகுப்பில் கேள்விக்கு உள்ளாக மாட்டார். வீட்டில் நிற்கும் மாணவர்களுக்கு அதே பாடப்பகுதியைக் கந்தளாய்க் குளக்கட்டில் ஒரு நாள் களப்பயிற்சியாக நடத்துவோம். ஆயினும், தாம் விரும்பித் தெரிவு செய்த இரண்டு இரவுகளை நண்பர்களோடு கூடாரத்தில் கழிக்கும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்குக் கிடைப்பதை நான் மனமார விரும்புகிறேன்.

பயணம் வெள்ளிக்கிழமை காலை நன்றாக விடிந்த பின்னரே தொடங்கும். நள்ளிரவில் புறப்பட்டால் ஒரு நாள் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடைப்பட்ட வீதியில் இருளிலும் விடியற்புறத்திலும் யானைகள் கடப்பதால் அந்த நேரத்தில் பிள்ளைகளை அவ்வழியே கொண்டுசெல்ல நான் உடன்படவில்லை. அதே காரணத்தால் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயுமுன் அப்பகுதியைக் கடந்துவிடத்தக்கதாகத் திரும்பும் பயணமும் திட்டமிடப்பட்டுள்ளது. போகும் வழியில் கந்தளாயில் இறங்கிக் குளக்கட்டில் சிறிது நேரம் நிற்போம். பின்னர் தம்புள்ளை, மாத்தளை, ரத்தோட்டை வழியாக ரிவஸ்டன் கணவாய்க்கு ஏற வேண்டும். அந்த மலைப்பாதை ஒடுக்கமானது, கொண்டையூசி வளைவுகள் பல கொண்டது என்பதால் பெரிய பஸ்ஸுக்குப் பதிலாக ரோசா எனப்படும் சிறிய பஸ்களை அமர்த்தியிருக்கிறோம். மலைப்பாதையில் ஓட்டிப் பழகிய சாரதிகளே வேண்டும் என்பதையும் உடன்பாட்டில் எழுதியுள்ளோம். பயணத்தில் சத்தி எடுக்கும் பிள்ளைகளின் பெயர்களை முன்கூட்டியே வகுப்பாசிரியருக்குத் தெரிவியுங்கள்.

காலத்தைத் தெரிவு செய்ததற்கும் காரணம் உண்டு. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவமழை இந்த மலைகளில் கடுமையாகப் பெய்யும். பங்குனி, சித்திரையில் பிற்பகல் இடிமழையும் மின்னலும் வரும். வைகாசிக்குப் பின்னர் ரிவஸ்டன் கணவாயில் ஒருவர் நிலையாக நிற்க முடியாத அளவுக்குக் காற்று வீசும். பெப்ரவரியே ஓரளவு அமைதியான மாதம். இரண்டு குழுக்களும் மகா சிவராத்திரிக்கு முன்னர் வீடு திரும்பிவிடும் வகையில் திகதிகளைத் தெரிவு செய்துள்ளோம். எனினும் மலையின் வானிலை எவருக்கும் உறுதி தராது. மாத்தளை மாவட்டத்தின் அப்பகுதிகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால், அது முதற்கட்ட மஞ்சள் எச்சரிக்கையாக இருந்தாலும், புறப்படும் நாள் காலையாக இருந்தாலும், பயணம் நிறுத்தப்படும். செலுத்திய பணத்தை விட இது பெரிய விடயம் என்பதால் அந்த நேரத்தில் விவாதத்துக்கு இடமில்லை.

நான் மிகவும் கவலையோடு எழுதுவது நீரைப் பற்றித்தான். நம் பிள்ளைகள் கடலோரத்தில் வளர்ந்தவர்கள். பலர் நடக்கப் பழகியபோதே நீந்தவும் பழகியவர்கள். அந்தத் துணிவே மலை ஆற்றில் ஆபத்தாகிறது. உப்புநீர் உடலைத் தாங்குவது போல ஆற்று நீர் தாங்காது; பாறைகள் பாசியால் வழுக்கும்; மேற்பரப்பு அமைதியாகத் தெரியும் இடத்திலும் பாறை இடுக்குகளில் சுழி இருக்கும்; நீரின் குளிரில் கைகால் விறைக்கும். இவை எல்லாவற்றையும் விட, மேலே எங்கோ மலையில் பெய்யும் மழையால், நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே ஆறு சில நிமிடங்களில் பெருகிவிடும். தெளிந்து ஓடிய நீர் திடீரெனக் கலங்கினால், இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தால், அந்தக் கணமே கரையேற வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். அங்கு ஓடும் தெல்கமு ஓயா என்னும் ஆற்றில் நீந்துவதற்கு எந்த மாணவருக்கும் அனுமதி இல்லை. வனத் திணைக்கள உத்தியோகத்தர் காட்டும் ஆழமற்ற இடத்தில், ஆசிரியர்கள் கரையிலும் நீரிலும் நிற்க, முழங்காலளவு நீரில் முகம் கைகால் கழுவலாம். பிட்டவல பத்தனை என்னும் மலைப் புல்வெளியின் விளிம்பிலும் இதே கண்டிப்பு இருக்கும். விளிம்பை நோக்கிக் கைத்தொலைபேசியோடு எவரும் நகர முடியாது. இதை நீங்களும் வீட்டில் ஒருமுறை சொல்லுங்கள். நாங்கள் பத்து முறை சொல்வதை விட அது பலன் தரும்.

அட்டை கடிக்கும். இதை மறைக்க விரும்பவில்லை. அது நோவு தராது, நஞ்சும் இல்லை; பிடுங்கி இழுக்காமல் உப்போ தேசிக்காய்ச் சாறோ பட்டால் தானே விழுந்துவிடும், பின்னர் அந்த இடத்தைக் கழுவி அழுத்திப் பிடித்தால் போதும். புல்வெளியில் உண்ணிகள் இருப்பதால் ஒவ்வொரு நடையின் பின்னும் உடலைப் பார்த்துக்கொள்ளப் பழக்குவோம். முட்டு வருத்தம் உள்ள பிள்ளைகளுக்கு இரவுக் குளிர் தொல்லை தரக்கூடும். இன்ஹேலரையும் மருந்துகளையும் பெயர் எழுதிக் கட்டாயம் கொடுத்து அனுப்புங்கள். வேறு நோய், ஒவ்வாமை, ஒழுங்காக எடுக்கும் மருந்து எதுவானாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்; அதை வாசிப்பவர்கள் நானும் பொறுப்பாசிரியரும் மட்டுமே.

பெண்பிள்ளைகளின் கூடாரங்கள் நிலையத்தின் கட்டடத்துக்கு மிக அருகில் தனியாக அமையும். ஆசிரியைகள் அவற்றின் இரு பக்கத்திலும் தங்குவார்கள். கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு முழுவதும் விளக்கு எரியும். மாதவிடாய்க்கு வேண்டிய பொருட்களை ஆசிரியைகளும் கைவசம் வைத்திருப்பார்கள். அந்த நாட்களில் வருகிறது என்பதற்காக எந்தப் பெண்பிள்ளையும் பயணத்தைத் தவிர்க்கத் தேவையில்லை. பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் ஆசிரியர்கள் வருவதோடு, காட்டுக்குள் செல்லும் ஒவ்வொரு நடையிலும் திணைக்களத்தின் வழிகாட்டி ஒருவர் உடன் வருவார்.

உணவு மூன்று நாளும் சைவமாகவே இருக்கும். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் தயக்கமின்றி இருந்து உண்ண அதுவே வசதி. நிலையத்தின் அடுப்பில் மட்டுமே சமையல் நடக்கும். தீ மூட்டிச் சுற்றியிருந்து பாடுவதைப் பல பிள்ளைகள் எதிர்பார்த்திருக்கிறார்கள். அவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் வறண்ட காலத்தில் பத்தனைப் புல்லில் விழும் ஒரு தீப்பொறி மலைச்சரிவு முழுவதையும் எரித்துவிடக்கூடும் என்பதால் நாங்கள் தீ மூட்டப் போவதில்லை. ஒலிபெருக்கியும் வேண்டாம். முதல் நாள் மதிய உணவை லஞ்ச் சீற்றில் சுற்றாமல் வாழையிலையில் கட்டிக் கொடுங்கள். பொலித்தீன் பைகளும் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் போத்தல்களும் காட்டுக்குள் வரக்கூடாது. பிஸ்கட், முறுக்கு போன்றவற்றைக் கூடாரத்துக்குள் வைத்திருந்தால் காட்டுப்பன்றிகள் மணம் பிடித்து வரும். ஆகவே தின்பண்டம் எல்லாம் நிலையத்தின் அறையில் பூட்டி வைக்கப்படும். ஒரு கல்லையோ ஓர் ஓர்கிட் செடியையோ நினைவாக எடுத்துவர இடமில்லை.

இதற்காகக் கடையில் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய பாடசாலைச் சப்பாத்து, நீளமான காலுறை, முழுக்கைச் சட்டை, கால் முழுவதும் மூடும் உடுப்பு, இரண்டு சாரம் அல்லது தடித்த போர்வை, ரோச் லைட், மழையங்கி ஆகியவை போதும். திருகோணமலையில் கம்பளி உடுப்பு வீட்டில் இருப்பது அரிது. இரண்டு சட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அணிந்தால் அந்தக் குளிரைத் தாங்கலாம். கூடாரங்களையும் தரைவிரிப்புகளையும் பாடசாலை ஒழுங்கு செய்துள்ளது. புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை மைதானத்தில் பிள்ளைகளே அவற்றை நிமிர்த்திப் பழகுவார்கள். நீங்களும் வந்து பார்க்கலாம்.

இலுக்கும்புரவிலும் பிட்டவலவிலும் வாழ்பவர்கள் சிங்களம் பேசும் விவசாயிகள். நம் மாணவர்கள் வகுப்பில் கற்கும் இரண்டாம் மொழியைப் பேசிப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. உங்கள் ஊரின் நீரைக் குடிப்பவர்கள் நாங்கள் என்று அந்த மக்களிடம் சொல்லும் வாக்கியங்களைச் சிங்கள ஆசிரியை இப்போதே பயிற்றுவித்து வருகிறார்.

மலைக்கு அப்பால் கைத்தொலைபேசித் தொடர்பு சீராக இராது. மாணவர்களின் தொலைபேசிகளை ஆசிரியர்கள் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு நாள் மாலையும் தொடர்பு கிடைக்கும் இடத்துக்கு ஓர் ஆசிரியர் சென்று பாடசாலை அலுவலகத்துக்குச் செய்தி சொல்வார். அங்கிருந்து வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் உங்களுக்குத் தெரிவிக்கப்படும். செய்தி சற்றுத் தாமதித்தால் பதற வேண்டாம், அலுவலகத்தை அழையுங்கள். மூன்று நாளும் இரவிலும் அங்கே ஒருவர் இருப்பார்.

வலயக் கல்விப் பணிப்பாளரின் எழுத்துமூல அனுமதி கிடைத்த பின்னரே பணம் அறவிடப்படும். செலவு விபரம் இணைப்புத் தாளில் உண்டு. கடற்றொழில் குறைந்திருக்கும் இக்காலத்தில் அந்தத் தொகை சில குடும்பங்களுக்குச் சுமை என்பதை உணர்ந்து, பழைய மாணவர் சங்கம் உதவ முன்வந்துள்ளது; உதவி தேவைப்படுவோர் என்னிடம் நேரில் வந்து சொல்லுங்கள், அது வேறு எவருக்கும் தெரியவராது.

இணைக்கப்பட்டுள்ள சம்மதப் படிவத்தையும் மருத்துவ விபரப் படிவத்தையும் நிரப்பி, தாய் தந்தை இருவரும், அல்லது பாதுகாவலர், ஒப்பமிட்டு, இம்மாதம் 25ஆம் திகதிக்கு முன் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். அதற்கு முன்னர் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் நடைபெறும். இரவுக் காவல் முறை, அவசர வேளையில் செல்ல வேண்டிய வைத்தியசாலை, ஆசிரியர்களின் பொறுப்புகள் ஆகியவற்றைப் பொறுப்பாசிரியர்கள் அங்கே விளக்குவார்கள். கேள்விகளை எழுதிக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அதிபர்
திருகோணமலை