பாதிக்குப் பாதி நியாயமா?

நகரி

அன்புள்ள சேகருக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை விடாமல் போடு. சீரியலைக் கொஞ்ச நாளைக்குத் தங்கச்சி பார்த்துக் கதை சொல்லட்டும்.

என்னை இங்கே பெரிய மனுஷன் ஆக்கிவிட்டார்கள். ரிட்டயரான வாத்தியார் சும்மாதானே இருக்கிறான் என்று பஞ்சாயத்துக்கெல்லாம் கூப்பிடுகிறார்கள். போன மாதம் ஒரு விசைத்தறித் தகராறு. கொடுத்த முன்பணத்தில் 40,000 பாக்கி என்கிறார் தறிக்காரர். 20,000தான் என்கிறான் நெசவு செய்கிறவன். "30,000ன்னு முடிச்சிடலாம், நடுநிலையா இருக்கும்" என்றார்கள் பெரியவர்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் 60,000 என்று வாய் கூசாமல் கேட்டிருந்தால் 40,000 கொடுப்பீர்களா? கூட்டிக் கேட்டவனுக்குத்தானே லாபம்! கூலி நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அந்த நெசவுக்காரப் பையன் என் வீட்டுக்காரி வழியில் தூரத்துச் சொந்தம். அதை முதலிலேயே எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு, வாராவாரம் பிடித்த தொகையைத் தறிக்காரர் மகனையே கூட்டச் சொன்னேன். 23,000 பாக்கி வந்தது. இரண்டு பேருக்கும் முகம் சரியில்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள்.

அன்று ராத்திரி, தமிழ்நாடு-ஆந்திரா எல்லைத் தகராறைத் தீர்த்துவைத்த படாஸ்கர் ஞாபகம் வந்தது. 1953இல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் மொத்தமாக ஆந்திராவோடு போய், தமிழ் ஊர்களைத் திரும்பக் கேட்டு ம.பொ.சி. போராடி, கடைசியில் அவரிடம்தானே வழக்கை விட்டார்கள். மராட்டியர். தமிழும் தெலுங்கும் அவருக்கு வீட்டுப் பாஷை இல்லை. வரைபடத்தில் சரிபாதியாகக் கோடு இழுத்துவிட்டுப் போகவில்லை மனுஷர். ஒவ்வொரு கிராமத்தையும் தனித்தனியாக எடுத்து, எந்த மொழிக்காரர்கள் அதிகம், பக்கத்து ஊர்களோடு தொடர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் முறை அது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி உங்கள் பக்கம் போனது. திருவள்ளூர், பொன்னேரி தாலுகாக்களில் சில ஊர்கள் எங்கள் பக்கம் வந்தன. இத்தனை தமிழர் இருந்தும் நகரி ஆந்திராவிலேயே தங்கிவிட்டது.

அப்பா சாகும்வரை அவரைத் திட்டினார். திருத்தணி போய்விட்டதே என்று இங்கே டீக்கடையில் ஒரு தெலுங்குக்காரரும் திட்டுவார். இரண்டு பக்கமும் திட்டுவதால்தான் அவர் நியாயவான் என்று நீ சொல்வாய். நான் ஒப்ப மாட்டேன். இரண்டு பேரையும் ஏமாற்றினவனையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் திட்டுவார்கள். எதை வைத்து அளப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் ஊர் ஊராக எடுத்துப் பார்த்தது இருக்கிறதே, அதற்காகத்தான் அவரை மதிக்கிறேன். தீர்ப்பு பிடித்ததா என்பது வேறு. எனக்கும் பிடிக்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருக்காரர்கள் காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்கு வருகிறார்கள். நானும் வரப் பார்க்கிறேன். முழங்கால்தான் மனசு வைக்க வேண்டும்.

அதற்குள் அண்ணன் தம்பி பாகப்பிரிவினை ஒன்று காத்திருக்கிறது. நிலத்தை அண்ணன் இரண்டாகப் பிரிக்கட்டும், வேண்டியதைத் தம்பி முதலில் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லப் போகிறேன். அப்போதுதான் அண்ணன் வரப்பை நேராகப் போடுவான். கிணறு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு என்ன செய்வதென்று உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

அன்புடன்,
மணி