அண்ணே, அந்தக் கீழ் லேயரை இனி நான் போடமாட்டேன்

அண்ணே,

நாம் போஸ்டர் போட்டுக்கொடுத்த அந்தப் பழைய படத்தின் ரீரிலீஸ் போஸ்டரைச் செய்யமாட்டேன் என்று படக் கம்பெனிக்காரர்களிடமே சொல்லிவிட்டேன். உங்களுக்கும் மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். பொதுவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நம் போஸ்டரையும் அந்த வெளிநாட்டுப் பட போஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்து, காப்பி என்று இந்த வாரம் மறுபடி ஊரெல்லாம் சுற்றவிட்டிருக்கிறார்கள். உங்களைத் திட்டுகிறவர்கள் எல்லாம் நடுத்தெருவில் நின்றுதான் திட்டுகிறார்கள். நான் மட்டும் எதற்குக் காதோடு பேச வேண்டும்?

படத்தின் பெயரை எழுதமாட்டேன். ஹீரோ பெயரும் வராது. வெளியே பேசமாட்டோம் என்று நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்று இருக்கிறது, அதை மதிக்கிறேன். படிக்கிறவர்கள் யூகித்தால் அது அவர்கள் பாடு.

"சின்ன வேலைதானே பாப்பா" என்று போனில் சொன்னீர்கள். சின்ன வேலைதான். பழைய ஃபைலைத் திறந்து, ரெசல்யூஷனைக் கூட்டி, மேலே '4கே' என்று ஒரு முத்திரை வைத்து, தேதியை மாற்றினால் முடிந்தது. செய்துகொடுத்துவிடலாம் என்றுதான் திறந்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் மாதிரி லேயர்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், கண் குறியை அணைத்து வைத்த ஒரு லேயர். 'ரெப்' என்று பெயர், ரெபரன்ஸ் என்பதன் சுருக்கம். நீங்கள் அதை அழிக்கச் சொல்லவே இல்லை. நானும் அழிக்கவில்லை. கண் குறியைத் தட்டினேன். அந்த வெளிநாட்டு போஸ்டர் நம் ஹீரோவின் தோள் கோட்டோடு அப்படியே பொருந்தி எழுந்து வந்தது.

அந்த ராத்திரி நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என் நாற்காலியிலிருந்து அது எப்படித் தெரிந்தது என்பது மட்டும் தெரியாது.

உப்பளக் கதை. கதைச் சுருக்கம்கூடக் கேட்காமல் ஸ்டில்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு வேலையைத் தொடங்குகிற தொழில் இது. நீங்கள் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய், பாத்தி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தீர்கள். வந்ததும் ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் பின்பக்கத்தில் வரைந்தீர்கள். தாள் முழுக்க வெள்ளை. நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு முகம், நெற்றிக்குக் கை வைத்து, கண்ணை இடுக்கிக்கொண்டு. வேறு எதுவும் கிடையாது. டைட்டில் எழுத்துகளின் அடிப்பாதி வெள்ளையில் கரைந்துபோயிருந்தது. "அங்க வேலை செய்யறவங்களுக்கு வெள்ளைதான் இருட்டு, பாப்பா" என்றீர்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் எனக்கே கண் கூசியது. ஒரு பென்சில், ஒரு வீணான பேப்பர், அவ்வளவுதான் உங்கள் கையில் இருந்தது.

அப்புறம் அவர்கள் வந்தார்கள். டைரக்டர் அதை நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். கூட வந்தவர்தான் கேட்டார், ஹீரோ முகம் இவ்வளவுதானா என்று. ராத்திரியில் பார்த்தால் சுவரில் வெறும் பேப்பர் ஒட்டின மாதிரி இருக்கும் என்றார். போனை எடுத்து நீட்டினார். மழை, எரிகிற நகரம், முதுகைக் காட்டி நிற்கிற ஒருவன், கையில் தொங்கும் சங்கிலி. "டிட்டோ இது வேணும்."

உப்பளத்தில் ஏது மழை, அண்ணே? மழை இறங்கினால் அங்கே வேலையே நின்றுவிடும். வாரிக் குவித்த உப்பு கரைந்துபோகும் என்று மூடுகிறார்கள், பாத்தியில் நன்னீர் ஏறிவிடும், மாதக்கணக்கில் கூலி இருக்காது. ஊரிலிருந்து திரும்பி வந்து எனக்கு இதையெல்லாம் விளக்கியவரே நீங்கள்தான். அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று நான் மானிட்டரைப் பார்க்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சண்டை போட வேண்டாம், வேலையை விட வேண்டாம். "கதையில மழை இல்லையே சார்" என்று ஒரு வரி. டைரக்டர்கூட அதற்குத்தான் காத்திருந்தாரோ என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

நீங்கள் ஸ்கெட்சை நாலாக மடித்தீர்கள். டிராயரில் வைத்தீர்கள். "பாப்பா, அதை டவுன்லோட் பண்ணி கீழ் லேயர்ல போடு."

போட்டேன். மறுவாரம் ஷூட்டில் அந்தப் படத்தின் பிரிண்ட் அவுட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஹீரோவின் இடது கால் எவ்வளவு முன்னால் இருக்க வேண்டும் என்று தரையில் டேப் ஒட்டினேன். வானத்தை ஸ்டாக் சைட்டில் வாங்கினோம். ஆரஞ்சை நீலமாக்கினோம். கடைசியில் வலம் இடமாகத் திருப்பச் சொன்னீர்கள், திருப்பினால் தெரியாது என்று. சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபர்ஸ்ட் லுக் விட்டார்கள். ஏழு மணிக்குள் ஏதோ ஒரு காலேஜ் பையன் அதைத் திரும்பவும் திருப்பிப் பக்கத்தில் வைத்துவிட்டான்.

இது நடந்த பிறகு உங்களோடு நான் போட்ட சண்டைகள் எத்தனை. ஒவ்வொன்றுக்கும் உங்களிடம் பதில் இருந்தது. "நாங்க பேனர் வரைஞ்ச காலத்துல ஸ்டில்லு மேல கட்டம் போட்டுத்தான் பெருசு பண்ணினோம், அதுவும் காப்பிதானே?" என்பீர்கள். அதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. கட்டம் முகத்தின் அளவைத்தான் பெரிதாக்கித் தந்தது. கன்னத்துக்கு அடியில் பச்சை போடலாமா, மூக்கின் ஓரத்தில் ரோஸ் ஏற்றலாமா என்று முடிவு செய்தது கை. ஒரே ஸ்டில்லை வைத்து நாலு பேர் வரைந்தால் நாலு பேனர் வந்தது. மவுண்ட் ரோட்டில் பஸ்ஸில் போகும்போதே இது யார் கை என்று சொல்ல முடிந்தது என்று பெருமையாகச் சொன்னவர் நீங்கள். போட்டோவை வெட்டி ஒட்டி, மேலே போஸ்டர் கலர் ஏற்றி, சிவகாசிக்குக் கொண்டுபோய், ராத்திரி முழுக்க மெஷின் பக்கத்தில் நின்று "மெஜந்தா ஏறியிருக்கு, குறைங்க" என்று சண்டை போட்டவர். எனக்கு இந்தத் தொழிலே உங்கள் வாயிலிருந்து வந்த கதைகளால்தான் பிடித்தது.

போலந்து போஸ்டர்களை நீங்கள்தான் காட்டினீர்கள். டோமஷெவ்ஸ்கி, லெனிட்சா, ஷ்வியேஷி என்று அந்த நாட்டு போஸ்டர் கலைஞர்கள். வார்சாவில் விலானூவ் என்ற இடத்தில் 1968-இலிருந்து போஸ்டருக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது, ஒரு நாள் போகணும் என்பீர்கள். ஆனால் நான் அவர்களைப் பேச்சில் இழுத்ததும், "அங்க அரசாங்கமே படத்தை வாங்கி ஓட்டுச்சு, ஸ்டார் முகத்தை வெச்சு விக்கத் தேவையில்ல, நமக்கு அப்படியா?" என்று மடக்கிவிட்டீர்கள். சரி, அது நியாயமான பதில். ஆனால் கல்கத்தாவில் சத்யஜித் ராய்க்கு டிக்கெட் விற்க வேண்டிய தேவை இருந்ததே. விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்துத் தொழில் கற்ற மனிதர், தன் படங்களுக்குத் தானே போஸ்டர் வரைந்தார். 1960-இல் வந்த 'தேவி' போஸ்டரில் சர்மிளா தாகூரின் முகம் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. ஒரு முகத்தைத்தான் வைத்தார். அந்தப் பெண்ணுக்கு நடக்கப்போவது முழுக்க அதில் இருந்தது. உங்கள் உப்பள முகத்தைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. உங்களிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது, இப்போது சொல்கிறேன்.

காப்பிக்குப் பதிலாக அஞ்சலி என்று ஒரு சொல்லை நீங்கள் எடுத்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: சால் பாஸ் என்ற அமெரிக்க டிசைனர் 1959-இல் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' படத்துக்கு ஒரு பிணத்தைக் கை, கால், தலை என்று துண்டு துண்டாகக் கறுப்புக் காகிதம் வெட்டின மாதிரிப் போட்டார். 1995-இல் ஸ்பைக் லீயின் 'க்ளாக்கர்ஸ்' போஸ்டரில் கிட்டத்தட்ட அதே உடம்பு வந்தது. வடிவமைத்தவர் அது மரியாதை என்றார். மரியாதைக்குரியவர் அப்போது உயிரோடு இருந்தார், அவருக்கு அது பிடிக்கவில்லை. மரியாதை செய்கிறவன் பெயரைச் சொல்லிச் செய்வான், அண்ணே. இடம் வலம் மாற்றி ஒளித்து வைக்கமாட்டான்.

வக்கீல் சொன்னதையும் அடிக்கடி சொல்வீர்கள். ஐடியாவுக்குக் காப்பிரைட் கிடையாது, அதை வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் என்று 1978-இலேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது என்று. அந்தத் தீர்ப்பை நானும் படித்தேன். முதுகைக் காட்டி நிற்பது ஐடியா. எரிகிற நகரமும் ஐடியா. கால் அகலம், தோள் சரிவு, சங்கிலியின் வளைவு, தீ எந்த ஜன்னலில் எரிகிறது என்பது வரைக்கும் எடுத்தால் அது என்ன? அந்த லேயர் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது என்று இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

வெளியிலிருந்து படிக்கிறவர்களிடமும் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. முதுகு காட்டி நின்றாலே காப்பி என்று கத்துகிறீர்கள். கறுப்புப் பின்னணியில் தலைகள் மிதந்தால் காப்பி, நீலமும் ஆரஞ்சும் சேர்ந்தால் காப்பி. அவை எவருடைய சொத்தும் கிடையாது. கிறிஸ்தோஃப் கூர்துவா என்று ஒரு பிரெஞ்சுக்காரர், முதுகு காட்டுகிறவர்கள், ஒற்றைக் கண், விரித்த கால்களுக்கு நடுவே தெரியும் ஆள் என்று ஹாலிவுட் போஸ்டர்களையே வகை வகையாக அடுக்கிக் காட்டினார். அத்தனை இருக்கிறது. 'பிகே' வந்தபோது 2014-இல், டிரான்சிஸ்டரோடு நின்ற ஆமிர் கானை போர்ச்சுக்கல் பாடகர் கீம் பரெய்ரோஸின் 1973 ஆல்பம் அட்டையோடு வைத்து நாடே பேசியது, அங்கே கையில் அக்கார்டியன். இது தற்செயலா எடுத்ததா என்று எனக்குத் தெரியாத இடத்தில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். பார்வைக்கு ஒத்துப்போவது வேறு, அடியில் வைத்து அதன்மேலேயே வரைந்தெடுப்பது வேறு. அதைச் செய்த கைகளுக்கு அந்த வித்தியாசம் தெரியும். இன்னொன்று, டிசைனரை மட்டும் கிழிக்கிறீர்களே, போனை நீட்டினவர் யார் என்று ஒருவராவது கேட்டீர்களா? மூன்று ரெபரன்ஸ் காட்டாமல் ஒரு மீட்டிங் ஆரம்பிப்பதில்லை. புதிதாக ஒன்றைக் கொண்டுபோனால் "இது எங்க ஓடியிருக்கு?" என்று கேட்கிறார்கள். ஓடிய படத்தின் போஸ்டர் மாதிரி இருந்தால் இதுவும் ஓடும் என்ற நம்பிக்கை. அதற்கு டிசைனர் உடம்பைக் கொடுத்து அடி வாங்குகிறான்.

அண்ணே, உங்களை அப்படி அடித்தபோது நான் வாயைத் திறக்கவில்லை என்று உங்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. நேரில் கேட்டதில்லை, அண்ணியிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மன்னியுங்கள். ஆனால் என்ன சொல்லியிருக்க முடியும்? காப்பி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. காப்பிதான், ஆனால் இவர் இல்லை காரணம் என்று சொன்னால் அந்தக் காகிதம் குறுக்கே நிற்கும். அந்த மாதம் உங்களுக்குப் பணம் எதற்குத் தேவைப்பட்டது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதமாட்டேன். அதற்காக நீங்கள் தலையாட்டியதில் எனக்குத் துளிகூடக் கோபம் கிடையாது.

கோபமெல்லாம் அதற்குப் பிறகு வந்த படங்களில்தான். அந்தத் தேவை தீர்ந்த பிறகும், யாரும் போனை நீட்டும் முன்பே நீங்களே கேட்க ஆரம்பித்தீர்களே, "ரெபரன்ஸ் ஏதாவது வெச்சிருக்கீங்களா சார்?" என்று. ஒரு பென்சிலைக்கூட எடுக்காமல். அதை உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எந்தக் கோடு யார் கையிலிருந்து வந்தது என்று பார்க்க என் கண்ணைப் பழக்கியவர் நீங்கள். பழக்கிவிட்டு, பார்க்காதே என்றால் எப்படி? நரை வந்தவளை இன்னும் பாப்பா என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் நான் ஏதாவது கேட்கும்போதெல்லாம் அந்தச் சொல்லால்தான் வாயை அடைத்தீர்கள்.

இனி நான் வடபழனிக்கு வரப்போவதில்லை. ஆபீஸ் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குகளில் லேபிள் ஒட்டியிருக்கிறேன். ரீரிலீஸை யாரிடம் கொடுத்தாலும் சரி, டிசைன் பெயர்களில் என் பெயரை எடுத்துவிடச் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று கேட்பீர்கள். இரண்டு சின்னப் படங்கள் இருக்கின்றன, கதையைப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள், பணம் குறைவு. ரெபரன்ஸ் இல்லாமல் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவர்களும் சரி என்றார்கள். தலைவலி மாத்திரைகள் உங்கள் மேஜை இடது பக்கத்தில். வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

அந்த உப்பள ஸ்கெட்சுக்கு யாரும் ஒரு ரூபாய் தரவில்லை. அது எவர் கையெழுத்துக்கும் கட்டுப்பட்டதல்ல, முழுக்க உங்களுடையது. டைட்டிலை மறைத்துவிட்டு, மடிப்புக் கோடுகளோடு அப்படியே ஸ்கேன் செய்து உங்கள் பெயரில் வெளியே விடுங்கள். நான் விட்டால் உங்களைக் காப்பாற்ற விட்ட மாதிரி ஆகிவிடும், அது எனக்கு வேண்டாம். உங்களைத் திட்டுகிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும். போனை நீட்டினவரும் பார்க்க வேண்டும். விட மனசில்லை என்றால் விடாதீர்கள், ஆனால் அதற்கு என்னிடம் காரணம் மட்டும் சொல்ல வேண்டாம்.