நாடக மன்றத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மன்றத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், ஒத்திகை நாட்களில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்த குடும்பத்தாருக்கும் வணக்கம்.

போன ஆண்டு அறிக்கையை ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டேன். "வருஷம் பூரா என்ன நடந்ததுன்னே தெரியலையேப்பா" என்று பொருளாளர் குறைப்பட்டார். ஆகவே இந்த முறை கொஞ்சம் தாராளமாகவே எழுதியிருக்கிறேன். அச்சகம் என்னுடையதுதான், காகிதச் செலவு மட்டும் மன்றக் கணக்கில் வரும்.

ஆண்டுத் தொடக்கத்தில் 28 உறுப்பினர்கள் இருந்தோம். ஏழு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் வேலை கிடைத்துத் திருப்பூர் போய்விட்டார். இப்போது 34 பேர். சந்தா முழுதாகக் கட்டியவர்கள் 30. மற்ற நால்வரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர் வாசிக்கப் போவதில்லை.

புதியவர்கள் ஏழு பேரும் தொழில் செய்கிறவர்கள். ஒரு பிளம்பர், இரண்டு தையல்காரர்கள் (ஒருவர் பெண்), ஒரு டீ மாஸ்டர், மோட்டார் காயில் கட்டும் தம்பி, ஒரு பெயிண்டர், மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா. இவர்களில் பெயிண்டர் மட்டும் ஆறாம் வகுப்பில் முருகன் வேஷம் போட்டவர். அந்த வேல் இன்னும் வீட்டில் இருக்கிறதாம். மற்றவர்களுக்கு மேடை புதிது.

தொழில் செய்கிறவர்களை வைத்து ஒத்திகை நடத்துவதற்குத் தனிப் பஞ்சாங்கம் வேண்டும். சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையில் எவனும் ஒத்திகைக்கு வரமாட்டான், கூப்பிடவும் கூடாது. ஏப்ரல் 23 அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த பிறகுதான் தேதியே குறித்தோம். ஆடியில் முகூர்த்தம் இல்லை என்பதால் தையல்காரர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. எனக்கோ தள்ளுபடி நோட்டீஸ்கள் வந்து குவியும் மாதம் அது. ஆவணியில் ரவிக்கைத் துணி மலையாகக் குவிந்துவிடும். புரட்டாசி பாதியிலிருந்து தீபாவளி வரை தையல் மெஷின் முன்னாலிருந்து ஆளைக் கிளப்ப முடியாது. மார்கழியில் பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பெயிண்டர் போய்விடுவார். டீ மாஸ்டருக்கு மாதக் கணக்கே கிடையாது, விடிகாலை நான்கு மணிக்குப் பால் வண்டி வரும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் நடுவே 46 ஒத்திகைகள் திட்டமிட்டு 38 நடத்தினோம். கீழமாசி வீதிப் பக்கம் அரிசி மண்டியின் மாடியை மாதம் 800 ரூபாய்க்குத் தந்த உரிமையாளருக்கு நன்றி. மூட்டை இறங்கும் நாட்களில் தவிட்டுத் தூசியால் தும்மிக்கொண்டே காதல் வசனம் பேசினோம். பெண் உறுப்பினர்கள் கேட்டதற்கிணங்க, இரவு ஒன்பது மணி ஒத்திகைகளை ஞாயிறு பிற்பகலுக்கு மாற்றினோம். இதை முதல் ஆண்டிலேயே செய்திருக்க வேண்டும்.

மாதாந்திரக் கூட்டங்களில் ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்து சுகுண விலாச சபை என்ற அந்தக்கால நாடகக் குழுவைப் பற்றிப் பேசினார். 1891இல் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த கிருஷ்ணமாச்சார்லுவின் குழு தெலுங்கு நாடகம் போட்டது. அவர் வக்கீல். படித்தவர்கள் கூத்தாடுவதா என்று முகம் சுளித்த காலம் அது. அந்த நாடகத்தைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டில் சபையைத் தொடங்கினார். அவரும் வக்கீல், பிற்பாடு நீதிபதி. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திகூட அந்தச் சபை மேடையில் நடித்தவர். பெண் வேஷமும் ஆண்களே போட்டார்கள், ரங்கவடிவேலு என்பவர் நாயகி வேஷத்துக்குப் பேர்போனவர் என்றெல்லாம் சொன்னார்.

எல்லாம் கேட்டுவிட்டு நம் பிளம்பர் எழுந்தார். "சரிங்கய்யா, அவங்களுக்குப் பொழைப்பே பேச்சுதான். கோர்ட்டுல பேசுனத கொஞ்சம் சத்தமா மேடையில பேசியிருப்பாங்க. எங்களுக்குக் கைதான பொழைப்பு?" என்றார். ஆசிரியர் சிரித்துவிட்டார். ஆனால் இந்த ஆண்டு முழுக்க நாங்கள் பட்ட பாட்டைப் பிளம்பர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

கைதான் பிரச்சினை. வசனம் இரண்டு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடுகிறது. மேடையில் வந்து நின்றதும் கையை என்ன செய்வது என்று தெரிவதில்லை. பிளம்பர் முதல் பத்து ஒத்திகைகளில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல நின்றார். எடுத்துவிடச் சொன்னால் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடை அக்காவுக்குச் சோக வசனம் வரும்போதெல்லாம் விரல்கள் தானாக மாத்திரை அட்டையைக் கிழிப்பதுபோல அசையும். நம் இயக்குநர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மன்றத்தில் அவருக்கு டிரைவர் அண்ணன் என்றுதான் பெயர், நாடகத்தை எழுதியவரும் அவர்தான். அவர் ஒருநாள் தன் வீட்டுப் பழைய ஷட்டர் பூட்டு ஒன்றையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் கொண்டுவந்து பிளம்பர் கையில் கொடுத்து, "இதைச் சரி பண்ணிக்கிட்டே பேசு" என்றார். மனிதர் மாறிப்போனார். குரல் இறங்கியது, தோள் தளர்ந்தது, எதிரில் நிற்கும் தம்பி வேஷக்காரரை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்துப் பேசினார்.

உடனே எல்லோரும் ஆளுக்கொரு சாமான் கேட்டார்கள். தையல்காரர் இஞ்சி டேப்புடன் வந்தார். டீக்கடைக்காரர் வேஷத்தில் நடிக்கவிருந்த டீ மாஸ்டர் கடையிலிருந்து பித்தளைக் குவளையையும் கண்ணாடி டம்ளரையும் எடுத்து வந்துவிட்டார். அங்கேதான் சிக்கல். அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சொட்டு சிந்தாமல் ஆற்றும்போது மண்டி மாடியில் இருந்த இருபது பேரும் டீயையே பார்த்தோம். அவர் பேசிய வசனம் ஒருவர் காதிலும் ஏறவில்லை. டிரைவர் அண்ணன் யோசித்துவிட்டுக் குவளையை வாங்கிக்கொண்டு காலி டம்ளரை மட்டும் கொடுத்தார். தெரிந்த வேலையைக் கொடுத்தால் ஆள் நடிகனாவதும் உண்டு, வேலைக்காரனாகவே நின்றுவிடுவதும் உண்டு. எது எப்போது நடக்கும் என்று சொல்ல எங்களுக்கு இன்னும் தெரியவில்லை.

ஜூனில் மூன்று ஞாயிறுகளில் ஸ்பெஷல் நாடகத்தில் நெடுங்காலம் ஆர்மோனியம் வாசித்த பெரியவர் ஒருவரை வைத்துக் குரல் பயிற்சி நடத்தினோம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய ஊர் இது, அதை மறந்துவிட்டு மைக்கை நம்பி நாடகம் போடுகிறீர்களே என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், பபூன் வேறெங்கிருந்தோ வருவார். ஒத்திகையே கிடையாது. முகத்தில் முத்துவெள்ளை பூசும்போதுதான் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். வள்ளி திருமணத்தை விடிய விடிய நடத்திவிட்டுப் பேருந்து ஏறிவிடுவார்கள். நாங்கள் ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு மூன்று மாதம் ஒத்திகை பார்ப்பதாகச் சொன்னதும், "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு சொல்லை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஆடி கடைசி வாரம் ஒரு தெரு அம்மன் கோயில் திருவிழாவில் நம் புது நாடகத்தின் முதல் மேடையேற்றம். அப்பா வைத்துவிட்டுப்போன பாத்திரக்கடையை அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளும் கதை. ஏழு மணிக்குத் தொடங்குவதாக நோட்டீஸ் அடித்திருந்தேன். சாமி புறப்பாடு தாமதமாகிவிட்டது. அம்மனை அவசரப்படுத்த முடியுமா? மேடை எங்களுக்குக் கிடைத்தபோது மணி எட்டே முக்கால். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி போடக் கூடாது. ஒரு மணி நேரம் நாற்பது நிமிட நாடகத்தை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும். டிரைவர் அண்ணன் மேடைக்குப் பின்னால் நின்றபடி பிரதியில் பேனாவால் அடித்துக்கொண்டே போனார். நான்காம் காட்சி முழுதாகப் போனது. டீ மாஸ்டருக்கு இருந்த ஒரே காட்சி அதுதான்.

அவர் மேக்கப் போட்டு, தோளில் துண்டுடன், கையில் காலி டம்ளரோடு பத்து மணி வரை பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் நின்றார். யாரும் அவரிடம் சொல்லவில்லை, சொல்ல நேரமும் இல்லை. ஐந்தாம் காட்சி தொடங்கியபோது அவருக்கே புரிந்திருக்கும். அவர் காட்சி இல்லாமலும் கதை தடங்கலில்லாமல் ஓடியது, அதுதான் அவருக்கு இன்னும் வலித்திருக்கும். விடிகாலை நான்கு மணிக்குக் கடை திறந்தபோது காதோரம் பேன்கேக் மேக்கப் போகாமல் இருந்ததாகப் பால் வண்டிக்காரர் சொன்னார். செயலாளர் என்ற முறையில் இந்த அறிக்கையின் வழியாக அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அதே இரவில் இன்னொன்றும் நடந்தது. கடைசிக் காட்சியில் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டுச் சாவியைத் தம்பியிடம் கொடுத்து, "அப்பா இதை இடது கையாலதான் பூட்டுவாரு" என்று சொல்ல வேண்டும். சாமான்கள் ஏற்றிய அவசரத்தில் யாரோ வேறு பூட்டின் சாவியை வைத்துவிட்டார்கள். பூட்டு விழவில்லை. அண்ணனாக நடித்த பிளம்பர் பதறவில்லை. உட்கார்ந்தார், பூட்டைத் தட்டினார், ஊதினார், வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். வசனம் எடுத்துக்கொடுக்கும் நம் பையன் அவர் மறந்துவிட்டதாக நினைத்து, "அப்பா இதை... அப்பா இதை..." என்று இரண்டு முறை கொடுத்தார். மேலே தொங்கிய மைக்கில் அது தெருக்கோடி வரை கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. பிளம்பர் பூட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு, பொருந்தாத சாவியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, வசனம் பேசாமலே உள்ளே போய்விட்டார். பாத்திரக்கடைக்காரர் ஒருவர் முன்வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் ஒரு சிறிய அரங்கில் நடந்த இரண்டாம் மேடையேற்றத்தில் அதையே திட்டமிட்டுச் செய்தோம். பூட்டு விழாது, இரண்டு முறை குரல் வரும், அவர் பேசாமல் போவார் என்று ஒன்பது ஒத்திகை பார்த்தோம். அன்றைக்கு அது எடுபடவில்லை. பின்வரிசையில் யாரோ, "வசனம் மறந்துட்டாரு போல" என்றார்கள்.

இந்த இரண்டாம் மேடையிலாவது டீ மாஸ்டர் ஏறியிருக்க வேண்டும். அவர் முதலாளி வீட்டுக் கல்யாணம் அதே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. கடைசி நேரத்தில் அவர் வேஷத்தை நான் போட்டேன். காலி டம்ளர் போதும் என்று இயக்குநர் சொன்னதைக் கேட்காமல் குவளையையும் கையில் எடுத்தேன். என் வேட்டியிலும் தம்பி வேஷக்காரர் சட்டையிலும் டீ. அரங்கம் சிரித்த ஒரே இடம் அதுதான், அது நகைச்சுவைக் காட்சியும் அல்ல.

அனுமதி விஷயமாக ஒரு குறிப்பு. 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின்படி பிரதியை முன்கூட்டியே காவல்துறையிடம் கொடுக்க வேண்டியிருந்தது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் டிரைவர் அண்ணன் பழக்கதோஷத்தில் பிரதியை எடுத்துக்கொண்டு போனார். வாங்கியவர் நான்கு பக்கம் படித்துவிட்டு, "கடையைக் கடைசியில யாருக்குக் குடுப்பீங்க?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். இதுவரை நமக்குக் கிடைத்த ஒரே எழுத்துலக விமர்சனம்.

கணக்கு. வரவு: சந்தா 18,000, நன்கொடை 22,500, திருவிழாக் கமிட்டி கொடுத்தது 15,000, அரங்க வாசல் உண்டியலில் 6,340, ஆக 61,840 ரூபாய். செலவு: ஒத்திகை இடம் 9,600, இரண்டு மேடைக்கும் லைட்டும் மைக்கும் 21,000, மேக்கப்பும் உடையும் 8,750, செட்டிங் 7,200, காகிதம் 1,900, டீ வடை 5,460, குரல் பயிற்சி 5,000, தணிக்கையும் பதிவாளர் அலுவலகத் தாக்கலும் 2,500, ஆக 61,410. மீதி 430 ரூபாய். முந்தைய ஆண்டு இருப்பு 3,120ஐச் சேர்த்துக் கையிருப்பு 3,550. டீ வடைச் செலவு அதிகம் என்று தணிக்கையாளர் குறித்திருக்கிறார். ஒத்திகைக்குத் தாமதமாக வருகிறவர்களும் வடைக்குச் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்பதை அவருக்கு விளக்கினேன்.

வரும் ஆண்டு சித்திரைத் திருவிழா முடிந்ததும் அடுத்த நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கும். டிரைவர் அண்ணன் பாதி எழுதிவிட்டார். முதல் காட்சியே டீ மாஸ்டருடையது என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானித்து, தலைவரும் நானும் கடைக்கே போய்ச் சொன்னோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். இரண்டு நிபந்தனைகள் போட்டார்: நாடகம் ஒன்பதரைக்குள் முடிய வேண்டும், மேடையில் செயலாளர் குவளையைத் தொடக் கூடாது. செயற்குழு இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

செயலாளர்
மதுரை