மதுரை மாவட்டத்தில் ட்ரோன் சோதனைத் திடல் ஒதுக்கக் கோரி மனு

அனுப்புநர்:
பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரி ஆசிரியர்கள் மற்றும் கப்பலூர், கே.புதூர் தொழிற்பேட்டை சிறுதொழில் முனைவோர், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள், மதுரை.

பொருள்: பாதுகாப்புத் துறையின் ஐடெக்ஸ் (iDEX) என்ற புத்தாக்கத் திட்டப் போட்டிகளில் மதுரை மாணவர்களும் புதுத்தொழில் நிறுவனங்களும் பங்கேற்கத் திடல் ஒதுக்குதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2018-இல் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டத்தில், முப்படைகள் கேட்கும் கருவிக்கு மாதிரி செய்து தர ரூ.1.5 கோடி வரை மானியம் கிடைக்கிறது; ஈடான பங்கை நிறுவனமும் போட வேண்டும். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என்ற ஐந்து முனையங்களில் மதுரை இல்லை. அதை மாற்றும்படி இங்கு கேட்கவில்லை. எங்களுக்கு உடனடித் தேவை, பறக்கவிட்டுப் பார்க்க ஓர் இடம்.

2021 ட்ரோன் விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களும் புதுத்தொழில் நிறுவனங்களும் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட வகைச் சான்றோ (ட்ரோன் மாடலுக்குத் தரும் தரச் சான்று) ரிமோட் பைலட் சான்றிதழோ தேவையில்லை. ஆனால் அந்த இடம் பச்சை மண்டலத்தில் (முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய வான்பகுதி), அவர்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம்தான் பச்சை. அதற்கு அப்பால் 400 அடி. 8 கி.மீ.க்குள் தரையிலிருந்தே முன் அனுமதி வேண்டும். திருப்பரங்குன்றம், அவனியாபுரம் பக்கக் கல்லூரிகளுக்கு இதுதான் முட்டுக்கட்டை. எனவே மாணவர்கள் அறைக்குள் மிதக்கவிட்டு வீடியோ எடுத்துப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். காற்றில் நிற்குமா, எவ்வளவு தூரத்தில் சிக்னல் அறும் என்று கேட்டால் பதில் இருக்காது.

மேலூர் அல்லது உசிலம்பட்டி வட்டத்தில் சுமார் 10 ஏக்கர் (200 மீட்டருக்கு 200 மீட்டர்) தீர்வை ஏற்படாத தரிசு (நிலவரி விதிக்கப்படாத அரசு நிலம்) போதும். கண்மாய், மேய்ச்சல் புறம்போக்கு வேண்டாம், வழக்கில்தான் முடியும். உயர் அழுத்த மின்கம்பி அருகில் இருந்தால் ட்ரோனின் திசைகாட்டி தடுமாறும். நிலத்தை எங்கள் பெயருக்கு மாற்றித் தரத் தேவையில்லை, பயன்படுத்திக்கொள்ளும் அனுபவ அனுமதி போதும். ஆனால் ஒரே கல்லூரி பெயரில் ஆணை வந்தால் மற்றவர்களுக்கு 'கட்டுப்பாட்டில் உள்ள இடம்' என்ற நிபந்தனை நிறைவேறாது. பயன்படுத்துவோர் அனைவரையும் கூட்டாகக் குறிப்பிட வேண்டுகிறோம். பேட்டரி சார்ஜ் செய்ய ஒருமுனை மின் இணைப்பு, காற்றின் திசை காட்டும் துணிக்குழல், தீக்கு மணல் வாளிகள் வேண்டும். ஆடிக் காற்றுக்கு முன் திடல் கிடைத்தால் அந்தக் காற்றே நல்ல சோதனை.

இன்னொன்று. கல்லூரி மாதிரிகள் பெரும்பாலும் பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் முப்பரிமாண (3D) அச்சு இயந்திரத்தில் அச்சிட்டவை. அது 60 டிகிரி செல்சியஸ் அருகில் இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தாலே வளைந்துவிடும். செருகு வயர்கள் அதிர்வில் கழன்றுவிடும். அலுமினியத்தில் கடைந்து தரும் லேத் பட்டறைகளும் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் வார்ப்போரும் மதுரையிலேயே உண்டு. ஆனால் எந்தக் கல்லூரிக்கு எந்தப் பட்டறை என்று இணைத்துவிட ஆளில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் இதற்கென ஓர் அலுவலரை நியமித்து, ஐடெக்ஸ் அறிவிப்பு வந்தவுடன் இரு தரப்பையும் அழைத்து அதிலுள்ள கேள்விகளைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம்.

மேற்கண்டவற்றுக்கு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்

நகல்: பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம், மதுரை.