எந்த நாள் எடை? காப்பீட்டு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2019 செப்டம்பரில் மருத்துவக் காப்பீட்டு விலக்குகளுக்கு, அதாவது எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று சொல்லும் விதிகளுக்கு, நீங்கள் ஒரே மாதிரியான வாசகங்களை வகுத்தீர்கள். அதில் ஆறாம் எண் விலக்கு உடல் பருமனைப் பற்றியது. எடைக் குறைப்பு அறுவைக்குப் பணம் கிடைக்க என்னென்ன வேண்டும் என்று அது சொல்கிறது. மருத்துவரின் பரிந்துரை வேண்டும். சிகிச்சை முறை மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண், 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40 இல்லாமல் 35 இருந்தால், எளிய வழிகளில் எடை குறைக்க முயன்று தோற்றிருக்க வேண்டும், கூடவே நான்கு நோய்களில் ஒன்றும் இருக்க வேண்டும்: பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை நோய்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு பெரும்பாலான பாலிசிகள் பருமன் என்ற சொல்லைப் பார்த்ததுமே கதவைச் சாத்தின. நீங்கள் ஒரு வழி திறந்தீர்கள். அந்த வழியில் போய்த் திரும்பி வந்தவள் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

நான் திருச்சியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். வயது 41. உயரம் 158 செ.மீ. பள்ளி நாளிலிருந்தே குண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு சர்க்கரை வந்தது, அப்புறம் இன்சுலின். இரவில் குறட்டை, நடுவில் மூச்சு அடைத்து விழிப்பு, பகலில் கணினி முன்னால் தூங்கி விழுவது. பேரியாட்ரிக் என்ற இந்த எடைக் குறைப்பு அறுவையைப் பற்றி முதலில் பேசியவர் என் சர்க்கரை மருத்துவர். அறுவை நிபுணர் பார்த்த அன்று என் எடை 89 கிலோ, பி.எம்.ஐ. 35.7. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ1சி) 9.4 சதவீதம். உங்கள் விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது.

அறுவைக்கு முன் என்ன நடக்கும் என்பதை இந்த விதியை எழுதியவர்கள் யோசித்தார்களா என்று தெரியவில்லை. பருமனானவர்களுக்குக் கல்லீரலிலும் கொழுப்பு சேர்ந்து பெருத்திருக்கும். அதன் இடது மடல் இரைப்பையின் மேல் படுத்துக் கிடக்கும். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப் அறுவையில், ஒரு கருவியால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இரைப்பையில் வேலை செய்ய வேண்டும். அதனால் அறுவைக்கு முன் இரண்டு வாரம் போல மாவுச்சத்தை ஒடுக்கி, கலோரியை வெகுவாகக் குறைத்து, கல்லீரலைச் சுருங்க வைக்கிறார்கள். சர்க்கரையையும் இறக்கச் சொல்கிறார்கள். அது ஏறிக் கிடந்தால் புண் ஆறாது, கிருமித் தொற்று வரும். நான் சொன்னபடி செய்தேன். முதலில் மருந்தை மாற்றி, இன்சுலின் அளவைக் கூட்டி, சில மாதத்தில் சர்க்கரையை 7.3-க்குக் கொண்டுவந்தார்கள். பிறகு இரண்டு வாரப் பத்தியம். மருத்துவமனையில் சேர்ந்த அன்று எடை 85.5.

158 செ.மீ. உயரத்துக்கு 85.5 கிலோ என்றால் பி.எம்.ஐ. 34.2. கேஷ்லெஸ் விண்ணப்பத்தில் இருந்தது அந்த எடைதான். மறுப்புக் கடிதம் அன்று மாலையே வந்துவிட்டது. பி.எம்.ஐ. 35-க்குக் கீழே, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, தூக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை ‘நடுத்தரம்’ என்றுதான் வந்திருக்கிறது, ஆகவே ஆறாம் விலக்கு பொருந்தும் என்று எழுதியிருந்தார்கள். காப்பீட்டு மேசையில் இருந்த தம்பி நல்ல பையன். குரலைத் தணித்து, "மேடம், இன்னும் ரெண்டு கிலோ இருந்திருந்தா பாஸ் ஆகியிருக்கும்" என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1.9 கிலோ.

மருத்துவர் சொன்ன பத்தியத்தை ஏமாற்றி, ஊசியை விட்டு, பிரியாணி தின்றுவிட்டுப் போயிருந்தால் என் க்ளெய்ம் தேறியிருக்கும். என்ன, அறுவை மேசையில் எனக்கு ஆபத்து கூடியிருக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவரை, "உடம்பு சுடவில்லையே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது போலத்தான் இது. பாதுகாப்பாகத் தயாரானவர்களை உங்கள் விதி தண்டிக்கிறது. இந்த மடலில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். எந்த நாள் எடை, எந்த நாள் சர்க்கரை என்று விதியில் எங்கும் இல்லை. இல்லாத இடத்தில் நிறுவனம் தனக்குச் சாதகமான நாளை எடுத்துக்கொள்கிறது.

நகையை வங்கியில் வைத்து அறுவை செய்துகொண்டேன். பில் 3,80,000 ரூபாய். நகை வைக்கும் வசதியாவது எனக்கு இருந்தது.

இனி அந்த 35, 40 என்ற எண்களுக்கு வருகிறேன். 1991-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு வகுத்த எல்லைகள் அவை. அப்போது இந்த அறுவைகளை வயிற்றைத் திறந்துதான் செய்தார்கள். ஆபத்து அதிகம், அதனால் எல்லையையும் உயரத்தில் வைத்தார்கள். அது நியாயம்தான். ஆனால் 2022-ல் அமெரிக்காவின் பேரியாட்ரிக் அறுவை நிபுணர் சங்கமும் அந்தத் துறையின் உலகக் கூட்டமைப்பும் சேர்ந்து அந்தப் பழைய எல்லையை மாற்றிவிட்டன. பி.எம்.ஐ. 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லேயே அறுவையை ஒரு வாய்ப்பாகச் சொல்ல வேண்டும் என்பது இப்போதைய நிலைப்பாடு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் நாட்டு நிபுணர்களே 2009-ல் கூடி, இந்தியர்களுக்கு 25-ஐத் தாண்டினாலே பருமன், அறுவைக்கு நோயோடு 32.5, நோயில்லாமல் 37.5 என்று எழுதினார்கள். உங்கள் விதி அதற்குப் பத்து வருடம் கழித்து வந்தது. வந்தும், அமெரிக்கர்களின் 1991 எண்ணைத்தான் எடுத்துக்கொண்டது.

இந்தியர்களுக்கு ஏன் தனி எல்லை? புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் நண்பர் ஜான் யுட்கின் இருவரும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு இதை விளக்கினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3 என்று ஒரே எண். உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எண்ணுக்குள் நம் உடம்பு இருமடங்குக்கு மேல் கொழுப்பை ஒளித்து வைக்கிறது, அதுவும் தொப்பையில், உள்ளுறுப்புகளைச் சுற்றி. நம் ஊரில் ஒல்லிக் கை காலோடு வயிறு மட்டும் முன்தள்ளிய, நாற்பதிலேயே மாரடைப்பு வந்த மாமாவைத் தெரியாத குடும்பம் உண்டா? பி.எம்.ஐ. சூத்திரமே 1830-களில் பெல்ஜியக் கணித அறிஞர் கெட்லே மக்கள்தொகையின் சராசரியை அறியப் போட்டது. தனி ஒரு ஆளுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்பு எழுத அவர் அதைச் செய்யவில்லை. 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த குழுவின் நிபுணர்களும் இதையேதான் சொன்னார்கள்: பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்கு முடிவு கட்டாதீர்கள், இடுப்புச் சுற்றளவையும் உறுப்புகளின் நிலையையும் பாருங்கள்.

அதிக எடை உள்ளவர்களுக்குத்தான் அறுவையால் அதிகப் பலன் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிப் பல ஆண்டுகள் தொடர்ந்த பெரிய ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணமும் சர்க்கரை நோயும் குறைந்தன. ஆனால் யாருக்குப் பலன் அதிகம் என்று தேடியபோது பி.எம்.ஐ. அதைக் காட்டிக்கொடுக்கவில்லை. ரத்தத்தில் இன்சுலின் அளவுதான் காட்டியது.

‘எளிய வழிகள் தோற்றிருக்க வேண்டும்’ என்ற வரிக்கு என்னிடம் ஆதாரம் கேட்டார்கள். ஜிம் ரசீது இருக்கிறதா, டயட்டீஷியன் சீட்டு இருக்கிறதா என்று. தினமும் வவுச்சர் இல்லாத செலவைத் திருப்பி அனுப்புகிற எனக்கே சிரிப்பு வந்தது. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று எங்கள் அத்தை வருடக் கணக்கில் வைத்துக் கொடுத்த கொள்ளு ரசத்துக்கு ரசீது கிடையாது. வெறும் வயிற்றில் குடித்த தேனும் எலுமிச்சையும், உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் நடந்த விடிகாலைகள், அரிசியை நிறுத்திய மாதங்கள் எதற்கும் கிடையாது. ஒவ்வொரு முறையும் எடை குறைந்தது, ஒவ்வொரு முறையும் வட்டியோடு திரும்பி வந்தது.

"வாயைக் கட்டினால் போதும்" என்று சொல்லாதவர் யாருமில்லை. கல்யாண வீட்டில் என் இலையை எட்டிப் பார்ப்பார்கள். ஷேர் ஆட்டோவில் நான் ஏறினால் பக்கத்தில் இருப்பவர் மூச்சை இழுத்து விடுவார். ஜவுளிக்கடையில் துணியைக் காட்டும் முன்னாலேயே, "உங்க சைஸ் இங்க வராதுக்கா" என்பார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது, காப்பீட்டு நிறுவனமும் அதே பார்வையோடு கடிதம் எழுதுவதுதான். 2011-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், பத்தியத்தால் எடை குறைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் அப்போதும் ஏறியே இருந்தன. இழந்த எடையைத் திரும்பப் பிடிக்க உடம்பே வேலை செய்கிறது. எடைக் குறைப்பு அறுவைகளில் ஒன்றான ஸ்லீவ் அறுவையில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறார்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் மேல்பகுதி அதோடு போய்விடுகிறது. அறுவைக்குப் பின் எனக்கு நேர்ந்த பெரிய ஆச்சரியம் எடை இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு, சாப்பாட்டைப் பற்றி நினைக்காமல் ஒரு லெட்ஜரை முடித்தேன்.

இது சொர்க்கமும் இல்லை. நான்காம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. பி12, இரும்பு, டி வைட்டமின் எல்லாம் ஆயுளுக்கும். முதலில் முட்டையோ பருப்போ சாப்பிட்டுவிட்டுத்தான் சோறு. அவசரமாக விழுங்கினால் நெஞ்சில் நிற்கும், புளித்த ஏப்பம் அடிக்கடி வரும். சிலருக்குப் பித்தப்பையில் கல் சேர்கிறது, சிலருக்கு எடை திரும்புகிறது. எனக்கு இப்போது 66 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது, ஒரு மாத்திரை மட்டும் பாக்கி. நன்றாகத் தூங்குகிறேன்.

நிறுவனங்களின் பயமும் எனக்குப் புரியாமல் இல்லை. தளர்த்தினால் ஆளாளுக்கு வருவார்கள், மருத்துவமனைகள் முன்-பின் படங்களைப் போட்டுக் கூவி விற்கும். விற்கத்தான் செய்கிறார்கள். 2024-ல் சென்னைப் புறநகரில் எடைக் குறைப்பு அறுவைக்குப் போன ஓர் இளைஞர் இறந்தபோது என் வீட்டிலும் எல்லோரும் நடுங்கினார்கள். கண்டிப்பு வேண்டும். ஆனால் அந்தக் கண்டிப்பு எங்கே, யார் அறுவை செய்கிறார்கள் என்பதில் இருக்கட்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு, அனுபவமுள்ள அறுவை நிபுணர், சர்க்கரை மருத்துவர், உணவு ஆலோசகர், மனநல ஆலோசகர் சேர்ந்து எழுதிய பரிந்துரை, பின்தொடர் சிகிச்சைக்கான ஏற்பாடு ஆகியவற்றைக் கட்டாயமாக்குங்கள். இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்புவதால் ஒரு மோசமான மருத்துவமனைகூட மூடப்படாது. இன்னொன்றும் கவனியுங்கள். நாளை என் இதயக் குழாய் அடைத்து ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால் இதே நிறுவனம் பி.எம்.ஐ. கேட்காமல் பணம் கட்டும். சிறுநீரகம் பழுதானால் டயாலிசிஸ் பில்லும் அதன் தலையில்தான்.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம் அல்லது பருமன். ஐந்து வருடத்துக்கு முந்தைய ஆய்வில் அது 30.9. இவர்கள் எல்லோருக்கும் அறுவை வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலோருக்குத் தேவைப்படாது. 2025-ல் எடையைக் குறைக்கும் மௌஞ்சாரோ ஊசி இந்தியாவுக்கு வந்துவிட்டது, அது சிலருக்குப் போதும். ஆனால் அறுவை தேவைப்படும் சிலரும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

ஆகவே, ஆறாம் விலக்கைத் திருத்துங்கள். அறுவைக்கான பரிந்துரை எழுதிய நாளில் இருந்த எடையும் சர்க்கரையும்தான் கணக்கு, அதற்குப் பிறகு மருத்துவர் சொல்லிக் குறைத்தது கணக்கில் வராது என்று ஒரு வரி சேர்த்தால் போதும், என்னைப் போன்றவர்களின் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இதற்குப் பெரிய ஆலோசனைக் குழுவெல்லாம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். எல்லைகளை இந்தியர்களுக்கான 32.5, 37.5-க்கு இறக்குவதற்கு வேண்டுமானால் குழு போடுங்கள். அந்தக் குழுவில் அறுவை செய்துகொண்ட ஒருவருக்கும் நாற்காலி கொடுங்கள். நான்கு நோய்ப் பட்டியலில் முற்றிய கல்லீரல் கொழுப்பு நோயும் மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தமும் ஏன் இல்லை என்பதையும் அவர்கள் பார்க்கட்டும். சர்க்கரையைப் பொறுத்தவரை, இன்சுலினால் இறங்கியிருந்தாலும் நோய் நோய்தான் என்று எழுதுங்கள்.

வாடிக்கையாளர் தகவல் தாளை, கேட்பவருக்கு அவர் மொழியில் தர வேண்டும் என்று நீங்களே உத்தரவிட்டிருக்கிறீர்கள். நான் கேட்டுப் பார்த்தேன், ஆங்கிலத் தாள்தான் வந்தது. அதையும் விசாரியுங்கள்.

என் வழக்கு இப்போது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இருக்கிறது. அதில் தலையிடும்படி கேட்கவில்லை. இந்த மாதம் பத்தியத்தில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வரியை எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பதினொரு வருடமாகப் பிரீமியம் கட்டும் ஒரு பாலிசிதாரர்,
திருச்சிராப்பள்ளி